தெருவுக்குச் சொந்தமான வண்டி

(மயிலாப்பூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று மாலை கார்களைப் பற்றிப் பேசப் போகிறேன். எவ்வளவு வேகம் போகும், என்ன விலை, எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பவை என் பேச்சில் வராது. மெதுவாகப் போவதற்கென்றே செய்யப்பட்ட கார்களைப் பற்றிப் பேசப் போகிறேன். பழைய கார்களைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தக் கார்களைத் தொட்டுத் தொட்டு உயிரோடு வைத்திருக்கும் கைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். தெருவில் ஒரு நல்ல வண்டி வந்து நின்றால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "இது யாருடைய வண்டி?" என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு முழுவதும் நம்மோடு வரப்போகிறது.

முதலில் உங்களை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். நகரின் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. தோட்ட வேலை, தொழிற்சாலை வேலை, கட்டட வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகள் கையில் காசு சேர்கிறது, ஆனால் புதுக்கார் வாங்கும் அளவுக்குச் சேரவில்லை. ஆகவே பழைய செவர்லேயை வாங்குகிறார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பையன்கள் தங்கள் காரின் பின்பக்கத்தை உயர்த்தி, எஞ்சினை முடுக்கி, காது கிழியப் பறந்தார்கள். இந்தப் பிள்ளைகள் நேர் எதிராகச் செய்தார்கள். டிக்கியில் மணல் மூட்டைகளை வைத்தார்கள். ஸ்பிரிங்கை அறுத்துக் கட்டையாக்கினார்கள். கார் தரையை முத்தமிடுவதுபோலத் தாழ்ந்தது. தாழ்ந்த காரை வேகமாக ஓட்ட முடியாது. ஓட்டவும் அவர்கள் விரும்பவில்லை. விட்டியர் புலவார்டு என்ற அந்த நீண்ட கடைத்தெருவில், ஞாயிறு மாலைகளில், ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். தாழ்வாகப் போ, மெதுவாகப் போ என்பதுதான் அவர்கள் கொள்கை. லோரைடர் என்று உலகம் இன்று சொல்லும் அந்தக் கார்கள் பிறந்த கதை இது.

ஏன் மெதுவாகப் போனார்கள்? எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான். உழைக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது ஊர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அது தவறா? தவறு என்றது சட்டம்! காரின் எந்தப் பாகமும் சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது என்று 1958இல் அந்த நகரம் இருக்கும் கலிஃபோர்னியா மாநிலத்தில் விதி வந்தது. தாழ்ந்த கார் தெருவுக்கு வந்தால் அபராதம்.

அபராதச் சீட்டைப் பார்த்துச் சோர்ந்து போனார்களா? இல்லை! ரான் அகிர்ரே என்ற இளைஞர் அடுத்த ஆண்டே வழி கண்டுபிடித்தார். பழைய போர் விமானங்களில் இருந்த ஹைட்ராலிக் பம்புகளைக் காரில் பொருத்தினார். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் எண்ணெயின் அழுத்தத்தில் கார் எழும்பி நிற்கும். இன்னொரு முறை தட்டினால் மெல்லத் தாழும். போலீஸ் வந்தால் கார் சட்டத்துக்கு உட்பட்ட உயரத்தில் நிற்கும். போலீஸ் போனதும் பழையபடி தரையோடு தரையாக உருளும். ஒரு தடைச் சட்டத்துக்கு ஒரு பட்டறை சொன்ன பதில் அது. இன்று லோரைடர் என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் அந்த எழும்பித் தாழும் ஆட்டம், அந்தத் தடையிலிருந்து பிறந்தது.

இனி ஒரு காரை உங்கள் கண்முன் நிறுத்துகிறேன். 1964ஆம் ஆண்டின் செவர்லே இம்பாலா. பெயர் ஜிப்சி ரோஸ். ஜெஸ்ஸி வலாடெஸ் என்பவருடையது. உடல் முழுவதும் இளஞ்சிவப்பு. அதன்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஜாக்கள், கையால் வரைந்தவை. அந்தப் பெயிண்டை அடிக்கும் விதத்தைக் கேளுங்கள். முதலில் உலோகத் துகள் கலந்த ஓர் அடிப்பூச்சு. அதன்மேல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் வண்ணம், ஒரு கோட், இன்னொரு கோட், இன்னும் ஒரு கோட். ஒவ்வொரு கோட்டும் காய வேண்டும், தேய்க்க வேண்டும். கடைசியில் நிறமற்ற மேல்பூச்சு. வெயில் பட்டால் வெளிச்சம் அத்தனை அடுக்குகளையும் தாண்டி அடியில் போய்த் துகளில் பட்டுத் திரும்பி வரும். அதனால் வண்ணம் காரின் மேல் இருப்பதாகத் தெரியாது; காருக்குள்ளிருந்து வருவதாகத் தெரியும். 2017இல் இந்தக் கார் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. தலைநகர் வாஷிங்டனில், நாடாளுமன்றம் நிற்கும் அந்தப் பெரிய புல்வெளியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. போலீஸ் விரட்டிய தெருவிலிருந்து ஒரு கார் தேசத்தின் முற்றத்துக்குப் போன தூரத்தை எண்ணிப் பாருங்கள்!

அந்தக் கார் அவ்வளவு தூரம் போனது ஜெஸ்ஸி வலாடெஸ் ஒருவரால் மட்டும் அல்ல. அவருக்குப் பின்னால் இம்பீரியல்ஸ் என்ற கார் மன்றம் இருந்தது. 1962இல் ருவேலாஸ் சகோதரர்கள் தொடங்கிய டியூக்ஸ் போன்ற மன்றங்களும் அந்த ஊரில் இருந்தன. அந்த மன்றங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு நிதி திரட்டின. இறந்தவர் வீட்டுக்குத் துணை நின்றன. திருமணத்துக்கு வண்டி தந்தன. அப்பா பம்ப் மாட்டுவார், சித்தப்பா சீட் தைப்பார், மகன் துடைப்பான், மகள் ஓட்டுவாள். அந்த மக்களிடம் போய் "இது யாருடைய வண்டி?" என்று கேட்டால் ஒருவர் பெயர் மட்டும் பதிலாக வராது. ஒரு குடும்பம் பதிலாக வரும். ஒரு தெரு பதிலாக வரும்.

மெதுவாக ஊர்வலம் போகக் கூடாது என்று பல நகரங்கள் தனியே தடை போட்டன. பல ஆண்டுகள் இந்த மன்றங்கள் மனுக் கொடுத்தன, கூட்டம் போட்டன, நகர சபைகளில் போய் நின்று பேசின. கடைசியில் 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஊர்வலத் தடை போட நகரங்களுக்கு இருந்த அதிகாரம் நீங்கியது. காரைத் தாழ்த்தக் கூடாது என்ற அந்த 1958ஆம் ஆண்டு விதியும் நீங்கியது. 2024 ஜனவரி முதல் நாள் அந்தப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு தலைமுறை காத்திருந்து வென்ற வெற்றி!

"ஐயா, லாஸ் ஏஞ்சலீஸ் கதையை மயிலாப்பூரில் ஏன் சொல்கிறீர்கள்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அன்பர்களே, இதைப் புரிந்துகொள்ள மயிலாப்பூரைவிடத் தகுந்த ஊர் உண்டா? பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாளை நினைத்துப் பாருங்கள். கபாலீசுவரர் தேர் நிலையை விட்டுக் கிளம்புகிறது. நான்கு மாட வீதிகள்தான். நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தேர் அவசரப்படுவதில்லை. அவசரப்படக் கூடாது என்பதுதான் தேரின் இலக்கணம். வாசலில் நிற்கும் பாட்டி பார்க்க வேண்டும், மாடியில் நிற்கும் குழந்தை பார்க்க வேண்டும், கோவிலுக்கு வர முடியாத நோயாளி பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சாமியே வீதிக்கு வருகிறது.

அந்தத் தேரை நகர்த்துவது வடம் பிடிக்கும் ஆயிரம் கைகள். சரி, திருப்புவது யார்? முட்டுக்கட்டை போடுபவர். பெரிய தேர்கள் பலவற்றில் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் மூலை திரும்பும்போது, உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னே குனிந்து, எந்தச் சக்கரத்துக்கு, எந்தச் சாய்வில், எந்த நொடியில் கட்டையைச் சொருக வேண்டும் என்று அறிந்த ஒருவர் வேண்டும். கட்டை ஒரு விரற்கடை பிசகினால் தேர் வீட்டுச் சுவரைத் தேடிப் போகும். அலங்காரத்தை எல்லோரும் பார்க்கிறோம். கட்டை போடுபவரை எத்தனை பேர் பார்க்கிறோம்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வியோடுதான் நம் ஊர்க் கார்களிடம் வரப்போகிறேன்.

நம் சென்னைக்கும் காருக்கும் உள்ள உறவு நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டியது. 1901இல் பாரி நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான யார்க் என்ற ஆங்கிலேயர், அடையாறு பென்ஸ் கார்டன்ஸ் வீட்டிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் தம் காரில் போய்வந்தார். அன்று சாலையோரம் நின்று வாய்பிளந்து பார்த்த நம் மக்களுக்கு "யாருடைய வண்டி?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: துரையுடைய வண்டி. பதிவு எண் எம்.சி. 1 துறைமுகத்தை வடிவமைத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் இருந்தது. எம்.சி. 3 யாரிடம் போனது தெரியுமா? நம்பெருமாள் செட்டியாரிடம். விக்டோரியா பொது மண்டபத்தைக் கட்டிய அதே நம்பெருமாள் செட்டியார்தான். சென்னையில் சொந்தமாகக் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று நகர வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். கட்டடக் கலையில் கை தேர்ந்த ஒருவர் கையில் நம் முதல் கார் இருந்தது என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்னொரு பெருமையும் உண்டு. மவுண்ட் ரோடு சிம்சன் நிறுவனத்தை எல்லோருக்கும் தெரியும். 1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கியது அது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியில் ஓடும் காரைக் கட்டி நம் சாலையில் ஓட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அதுதான். குதிரை வண்டிக்கு மரம் இழைத்த தச்சர்கள், இரும்புப் பட்டை அடித்த கொல்லர்கள், மெத்தை தைத்த தையற்காரர்கள் இருந்த பட்டறை அது. அந்தக் கைகளின் பெயர்களை எந்த ஏடும் நமக்குச் சொல்லவில்லை.

பிறகு விடுதலை வந்தது. நம் ஊரிலேயே கார் செய்யும் காலம் வந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை நடத்தியது. ஸ்டாண்டர்டு டென், பிறகு 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டை அறிந்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொத்தி வரைந்த கார். மற்றக் கார்களில் பானெட்டைத் தூக்கினால் ஒரு மூடிதான் திறக்கும். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், இரண்டு மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்தே, முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், அச்சு, ஸ்பிரிங், ஸ்டீயரிங் எல்லாம் கண்முன்னே விரிந்து கிடக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் காரின் உடற்கூற்றைக் கற்றுக்கொடுத்த பாடப்புத்தகம் அந்தக் கார். இங்கிலாந்தில் அதற்கு இரண்டு கதவுகள். நம் ஊரில் தாத்தா பாட்டி, பேரன் பேத்தி எல்லோரும் ஏற வேண்டுமே! நான்கு கதவு வைத்த ஹெரால்டை நம்மவர்கள் இங்கேயே செய்தார்கள்.

அந்த நிறுவனம் 1980களின் இறுதியில் மூடப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் பிறந்த அம்பாசடர், 1950களின் பிற்பகுதியிலிருந்து ஓடிக் களைத்து, 2014 மே மாதம் தன் கடைசி வண்டியோடு நின்றது. பம்பாயில் பிறந்த பத்மினியும் போய்விட்டது. கம்பெனி மூடியாயிற்று, ஸ்பேர் வருவது நின்றாயிற்று. ஆனால் கார் நின்றதா? இல்லை! தியாகராய நகர் ஆற்காடு தெருவில், எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாசடர், டி.எம்.எக்ஸ். 4777, இன்றும் நிற்கிறது. அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். வடபழனியில் ஏவி.எம். ஸ்டூடியோ வளாகத்தில் 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் உறுப்பினர்கள் தங்கள் வண்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுகிறார்கள். இந்தக் கார்கள் எல்லாம் எப்படிப் பிழைத்தன? யார் பிழைக்க வைத்தார்கள்?

அதற்குப் பதில் தேடி என்னோடு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கு வாருங்கள். அங்கிருந்து புதுப்பேட்டைக்கு வாருங்கள். கழற்றிய கதவுகள் ஒரு கடையில், கியர் பெட்டிகள் ஒரு கடையில், ஹெட்லைட் வளையங்கள் மட்டும் ஒரு கடையில். "நாற்பது வருஷத்துக்கு முந்தின வண்டிங்க, இந்தச் சாமான் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் சாமானைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். இருந்தால் எடுத்துக் கொடுப்பார். இல்லையென்றால் எந்த லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள் என்று சொல்லி அனுப்புவார். அந்தத் தெருவின் ஞாபகத்தில்தான் நம் பழைய கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டிங்கர் வேலை செய்பவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மட்கார்டு நசுங்கிய கார் வருகிறது. அவர் முதலில் சுத்தியலை எடுப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தகட்டைத் தடவுகிறார். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கை சொல்லும். பிறகு தகட்டின் பின்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுகிறார். ஒரே இடத்தில் பலமாக அடித்தால் தகடு நீண்டு தளர்ந்துவிடும். பிறகு அது எந்த நாளும் படியாது. ஆகவே சுற்றிலும் தொடங்கி நடுவுக்கு வருகிறார். தட்டுகிறார், தடவுகிறார், தட்டுகிறார், தடவுகிறார். சத்தம் மாறுகிறது. சத்தம் மாறியதும் நிறுத்துகிறார். அதற்கு மேல்தான் பட்டி பார்ப்பது, தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் தேய்ப்பது, பிரைமர், பெயிண்ட். தகட்டு வேலை சுத்தமாக இருந்தால் பட்டி மெல்லிய ஏடாகப் போதும். வேலை தெரியாதவர் பட்டியை அப்பி மறைப்பார். இரண்டு மழைக்காலத்தில் அது வெடித்து விழும். இந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? எந்தப் பட்டம் இதற்குத் தருகிறோம்? பத்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்தவர், அறுபது வயதில் கண் மங்கும்போது அந்த அறிவோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நண்பர்களே, சட்டத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸ் போல நம் ஊரில் காரைத் தாழ்த்தி ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நம் சாலையில், நம் நெரிசலில், பிறர் உயிரைக் காக்கும் விதி அது. இளைஞர்கள் மதித்து நடக்க வேண்டும். ஆனால் பழையதைப் பழையபடி காப்பதற்கு வழி திறந்திருக்கிறது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். வாசல் திறந்திருக்கிறது. உள்ளே போக வேண்டியவர்கள் நாம்.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். இது யாருடைய வண்டி? பதிவுச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய மரியாதை உண்டு. பணத்தையும் இடத்தையும் நேரத்தையும் கொட்டிக் காப்பவர் அவர். ஆனால் தகட்டைத் தட்டியவருக்கு அதில் பங்கில்லையா? சீட் தைத்தவருக்குப் பங்கில்லையா? லேத்தில் புஷ் கடைந்து கொடுத்தவருக்குப் பங்கில்லையா? "எங்கப்பா இந்தக் காரில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்" என்று நடைபாதையில் நின்று கண்கலங்கும் அந்த அம்மாவுக்குப் பங்கில்லையா? லாஸ் ஏஞ்சலீஸ் தொழிலாளிகள் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்: வண்டியைச் செய்த கையும் வண்டியைப் பார்த்த கண்ணும் சேர்ந்தால்தான் அது பாரம்பரியம். அவர்கள் ஊரில் ஓட்டுபவரும் பட்டறைக்காரரும் ஒரே மன்றத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதனால்தான் சட்டத்தையே மாற்ற முடிந்தது. நம் ஊரிலும் அப்படி உட்கார வேண்டும்.

ஆகவே இந்த அவையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே! உறையை எடுங்கள். வண்டியை வெளியே கொண்டுவாருங்கள். ஆகஸ்டு 22, சென்னை நாள், வருகிறதல்லவா? 2004இலிருந்து இந்த நகரம் அதைக் கொண்டாடி வருகிறது. அந்த வாரத்தில் லஸ் முனையிலும் பனகல் பூங்கா ஓரத்திலும் அடையாற்றிலும், உரிய அனுமதி பெற்று, மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்துங்கள். குழந்தைகளை ஸ்டீயரிங் பிடித்துப் பார்க்க விடுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் மாடலும் ஆண்டும் எழுதுகிறீர்களே, அதற்குக் கீழே அதைச் சீர்செய்த மெக்கானிக், டிங்கர், பெயிண்டர், சீட் தைத்தவர் ஆகியோரின் பெயர்களையும், அவர்கள் சம்மதத்தோடு, எழுதுங்கள். பரிசு வாங்கும்போது அவர்களை மேடைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

மாணவர்களே! ஒரு கைப்பேசி போதும். உங்கள் தெருவின் மூத்த மெக்கானிக்கிடம் போய் உட்காருங்கள். அவர் தட்டும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எந்தக் காருக்கு எந்தப் பாகம் பொருந்தும் என்று அவர் மனத்தில் வைத்திருக்கும் கணக்கை எழுதி வையுங்கள். அது எழுதப்படாத ஒரு நூல். எழுதாவிட்டால் இந்தத் தலைமுறையோடு அது அழியும்.

தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துவோருக்கு என் மூன்றாம் வேண்டுகோள். ஓய்வு பெறும் வயதில் இருக்கும் இந்த மேஸ்திரிகளை ஆசிரியர்களாக அழையுங்கள். சான்றிதழ் கேட்காதீர்கள், அவர்கள் கையைப் பாருங்கள். வாரம் ஒரு வகுப்பு கொடுங்கள், உரிய சம்பளம் கொடுங்கள், ஐயா என்று கூப்பிடுங்கள்.

மயிலாப்பூர் மக்களே, தேர் வரும்போது வடம் பிடிக்க யாரும் உங்களை அழைப்பதில்லை. நீங்களாகவே ஓடி வருகிறீர்கள். இந்தக் கைத்தொழிலுக்கும் அப்படியே ஓடி வாருங்கள். இனி தெருவில் ஒரு பழைய கார் உருண்டு வந்தால் "யாருடைய வண்டி?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "யார் கை பட்ட வண்டி?" என்றும் கேளுங்கள். கிடைக்கும் பெயரை எழுதி வையுங்கள்.